இலையைப் பறிக்கும் முன் கணுவைப் பாருங்கள்

ஒற்றை இலையைப் படமெடுத்து அனுப்பி, "இது என்ன மரம்?" என்று கேட்பவர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களுடைய ஆர்வம் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கிளையிலிருந்து பிரித்தெடுத்த இலையில் அந்த மரத்தின் அடையாளங்களுள் பாதி தொலைந்துபோகிறது. இலையின் வெளிவடிவம்தான் முதலில் கண்ணில் படுகிறது என்றாலும், அடையாளம் காண்பதற்கு அதுவே எல்லாவற்றிலும் வலுக்குறைந்த சான்று. இலை தண்டில் எந்த இடத்தில், எந்த வரிசையில், எதனோடு சேர்ந்து அமைந்திருக்கிறது என்று பார்த்தால் மரத்தின் குடும்பம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். குடும்பம் பிடிபட்டபின் பட்டையும் காயும் மீதியைச் சொல்லிவிடும்.

நாவல், புன்னை, மகிழம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் இலையும் நீள்வட்டம், மூன்றிலும் விளிம்பில் வெட்டு இல்லை, மூன்றும் பளபளப்பானவை. வடிவத்தை மட்டும் நம்புகிறவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். நாவல் இலை கிளையில் எதிரெதிராக அமைந்திருக்கும். அதை ஒளிக்கு எதிரே பிடித்தால், பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே அதற்கு இணையாக ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேர்வது தெரியும். தைல மரத்திலும் இந்த விளிம்போர நரம்பு உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். புன்னை இலையும் எதிரெதிராகவே அமையும், ஆனால் அதில் நடு நரம்பிலிருந்து ஏறக்குறையச் செங்கோணத்தில் எண்ணற்ற மெல்லிய நரம்புகள் நெருக்கமாகவும் இணையாகவும் புறப்படும்; விரலால் தடவினாலே அந்த நெருக்கம் புரியும். மகிழம் இலை மாற்றி மாற்றி அமையும், விளிம்பு அலையலையாக நெளியும், ஒடித்தால் பால் கசியும். வடிவத்தில் காணாத வேறுபாடு, இலை தண்டோடு சேரும் கணுவிலும் நரம்பிலும் இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

தாவரங்களை வகைப்படுத்துகிறவர்கள் பூவைத்தான் முதன்மையாகக் கொண்டார்கள். 1753ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை அடுக்கியது மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வைத்துத்தான். இலை சூழலுக்கேற்ப எளிதில் மாறும், பூவின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது என்பதால் அந்த முறைக்கு நியாயம் உண்டு. ஆயினும் ஒரு மரம் பூத்திருப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். பூ உயரத்தில் இருந்தால் அதுவும் கைக்கு எட்டாது. மற்ற நாள்களில் நமக்குக் கிடைப்பவை இலையும் பட்டையும், மரத்தடியில் விழுந்து கிடக்கும் காயும்தான்.

முதல் கேள்வி, கையில் இருப்பது தனியிலையா, கூட்டிலையின் ஒரு பகுதியா என்பது. இதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: மொட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு சிறிய மொட்டு இருக்கும். கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு அடியில் அது இருக்காது. வேப்பங்கிளையில் நாம் இலை என்று கிள்ளுவது சிற்றிலை. நடுக்காம்போடும் இரு புறமும் அடுக்கிய சிற்றிலைகளோடும் சேர்ந்த முழு அமைப்புதான் ஓர் இலை. வேம்பின் சிற்றிலை அடிப்பகுதியில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும், விளிம்பு ரம்பப் பற்களாக வெட்டுப்பட்டிருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பே கிளைத்து, கிளைத்த காம்புகளில் சிற்றிலைகள் அமையும். இரண்டு, மூன்று மடங்காகப் பிரிந்த கூட்டிலை அது. இலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதில் சிரமமே இல்லை.

நெல்லியை இந்தச் சோதனையின் மிக அழகான எடுத்துக்காட்டாக நான் கருதுகிறேன். மெல்லிய காம்பின் இரு புறமும் மிகச் சிறிய இலைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் புளிய இலையைப் போன்ற கூட்டிலை என்றுதான் எவருக்கும் தோன்றும். போதாக்குறைக்கு அந்தக் காம்பு முழுவதும் ஒன்றாகவே உதிர்ந்தும் விடுகிறது. ஆனால் பூக்கும் காலத்தில் அதைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் வெளிறிய பசுமையில் நுண்ணிய பூக்கள் ஒட்டியிருக்கும். பூ இலைக்கோணத்தில்தான் தோன்றும், சிற்றிலையின் அடியில் தோன்றாது. ஆகவே நாம் காம்பு என்று நினைத்தது உதிரும் இயல்புடைய சிறுகிளை. சிற்றிலை என்று நினைத்தவை ஒவ்வொன்றும் தனியிலை. கீழாநெல்லியிலும் இதே அமைப்புதான். அதன் காய்கள் இலை வரிசைக்கு அடியில் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். நெல்லியும் கீழாநெல்லியும் ஒரே பேரினம், அதாவது ஒரே குடும்பத்துக்குள்ளும் மிக நெருங்கிய உறவு என்பதை இந்தச் சிறுகிளையே காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தது இலைகளின் வரிசை. கணுவுக்கு ஓர் இலை என்று மாறி மாறி அமைவது பெரும்பான்மை. கணுவுக்கு இரண்டு என எதிரெதிராக அமைவது குறைவு என்பதாலேயே அது நமக்கு அதிகம் பயன்படுகிறது, ஏனெனில் ஒரே பார்வையில் பெரும்பாலான மரங்களை விலக்கிவிட முடிகிறது. குளிர்நாட்டு மரங்களிலும் இதுவே வழி: மேப்பிள் எதிரிலை மரம், ஓக் மாற்றிலை மரம். தேக்கின் அகன்ற இலைகள் எதிரெதிராக இருக்கும், இளங்கிளை நான்கு பட்டையாக, அதாவது சதுரமாக, இருக்கும், இளம் இலையைக் கசக்கினால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும். நொச்சியின் இளந்தண்டும் நான்கு பட்டைதான்; துளசியின் தண்டும் அப்படியே. தேக்கை முன்பு வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது துளசியின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். வானுயர்ந்த மரமும் முழங்கால் உயரச் செடியும் உறவு என்பதை இளந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தே உணர முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

ஒரே கணுவில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் சுற்றி அமைவதும் உண்டு. அரளியில் பொதுவாக மூன்று. ஏழிலைப்பாலையில் ஏழு வரை. இங்கே இலவ மரத்தோடு குழம்ப வாய்ப்பு இருக்கிறது, ஏனெனில் இலவத்திலும் ஐந்து முதல் ஏழு வரை இலைகள் விரித்த விரல்களாகத் தெரியும். இலவத்தில் அவை அனைத்தும் ஒரே நீண்ட காம்பின் நுனியில் சேர்கின்றன, ஆகவே அது ஒரே கூட்டிலை. ஏழிலைப்பாலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தண்டிலேயே சேர்கிறது, ஒடித்தால் பாலும் வடிகிறது.

கணுவில் பார்க்க வேண்டிய இன்னொன்று இலையடிச் செதில். பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் உறுப்பு இது. என் கணிப்பில் இலையின் வடிவத்தைவிடப் பலமடங்கு நம்பத்தக்கது. ஆல், அரசு, அத்தி, இத்தி அனைத்திலும் கிளை நுனியில் கூர்மையான ஓர் உறை இருக்கும். இளம் இலையை மூடியிருக்கும் அந்தச் செதில், இலை விரிந்ததும் கழன்று விழுந்து, கணுவைச் சுற்றி மோதிர வடிவில் ஒரு தழும்பை விட்டுச்செல்லும். பலாவிலும் அதே தழும்பைக் காணலாம். அரசையும் பூவரசையும் இதய வடிவ இலையை வைத்து ஒன்றாக நினைப்பவர்கள் இந்த மோதிரத் தழும்பைத் தேடினால் போதும்: அரசில் அது இருக்கும், காம்பை ஒடித்தால் பாலும் வரும், இலை நுனி நீண்டு மெலிந்து தொங்கும். பூவரசில் இவை எதுவும் இல்லை. நுணாவில் செதில் இன்னொரு விதம்: எதிரெதிர் இலைகளின் இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டை ஒட்டி நிற்கும். எதிரிலையும் காம்பிடைச் செதிலும் சேர்ந்திருந்தால் அது காப்பிச் செடியின் குடும்பம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். புதர்ச்செடியான ஆவாரையின் கூட்டிலை அடியில் அகன்று வட்டமாக நிற்கும் செதில்களும் அப்படித்தான்; பூ இல்லாத காலத்திலும் ஆவாரையை அவை தனித்துக் காட்டும்.

முள்ளுக்கும் பிறப்பிடம் உண்டு. கருவேலத்தில் இலையடிச் செதில்களே முள்ளாக மாறியிருப்பதால் முட்கள் கணுவுக்கு இரண்டாக இருக்கும். இலந்தையிலும் செதில் முள்தான், ஆனால் அதில் பெரும்பாலும் ஒன்று நேராகவும் மற்றொன்று கொக்கியாகவும் வளைந்திருக்கும். இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் எழும், அடிப்புறம் வெளுத்திருக்கும். எலுமிச்சையிலும் வில்வத்திலும் முள் இலைக்கோணத்தில் தோன்றுகிறது. வன்னியில் முட்கள் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். முள்ளிலவின் தண்டில் இருக்கும் கூம்பு முட்களோ பட்டையின் வளர்ச்சி மட்டுமே. எந்தக் கணுவோடும் அவற்றுக்குத் தொடர்பில்லை.

கசக்கி முகர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேம்பு ஆகியவற்றின் இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்திய அளவில் ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், மணத்துக்குக் காரணமும் அவையே. விளாவின் கூட்டிலையில் சிற்றிலைகள் சேரும் நடுக்காம்பு இரு புறமும் மெல்லிய இறகாக விரிந்திருக்கும். நாரத்தையின் காம்பிலும் அந்த இறகைப் பார்க்கலாம்.

சில மரங்களில் நாம் இலை என்று நினைப்பது இலையே இல்லை. சவுக்கின் ஊசிகள் இலைகள் அல்ல, பச்சையான சிறுகிளைகள். ஓர் ஊசியை இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும்; கழன்ற இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் வட்டமாகச் சில நுண்ணிய பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். பைன் மரத்து ஊசிகளோ உண்மையான இலைகள். அவை இரண்டு, மூன்று அல்லது ஐந்து சேர்ந்த கொத்துகளாக அடியில் ஓர் உறைக்குள் இருக்கும், இழுத்தால் கணுவாகக் கழலாது. கொத்தில் எத்தனை ஊசிகள் என்று எண்ணுவதே பைன் வகைகளைப் பிரிப்பதில் முதல் படி.

ஒரே மரத்தின் இலைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் இலை சிறுத்துத் தடித்திருக்கும். நிழலில் இருப்பது அகன்று மெலிந்திருக்கும். பலாக்கன்றின் இலைகள் மடல் மடலாகப் பிளந்திருக்கும், வளர்ந்த மரத்தில் அந்தப் பிளவு மறைந்துவிடும். தைல மரத்தின் இளஞ்செடியில் இலைகள் எதிரெதிராகவும் அகன்றும் இருந்து, மரம் வளர்ந்தபின் மாற்றிலைகளாகவும் நீண்டு குறுகியும் மாறுகின்றன. முசுக்கட்டையில் ஒரே கிளையிலேயே பிளந்த இலையும் பிளவுபடாத இலையும் சேர்ந்து இருக்கும். ஆகவே வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இலைகளையோ கன்றின் இலைகளையோ மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். வளர்ந்த கிளையின் நடுப்பகுதியில் உள்ள இலைகளைப் பாருங்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளையும் நான் பயன்படுத்துகிறேன், அவை தரும் பெயர் தேடலைத் தொடங்க நல்ல இடம். ஆனால் அந்தப் பெயருக்குரிய மரத்தில் கணுவும் நரம்பும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பட்டைக்கு வருவோம். வெளிப்பட்டை உயிரற்ற திசு. உள்ளே தண்டு ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போக, வெளிப்பட்டையால் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடிவதில்லை. அதனால் வெடிக்கிறது, அல்லது உரிகிறது. எப்படி வெடிக்கிறது, எப்படி உரிகிறது என்பது அதற்கடியில் தக்கைத் திசு எந்த ஒழுங்கில் உருவாகிறது என்பதைப் பொறுத்தது; அந்த ஒழுங்கு மரத்துக்கு மரம் வேறுபடுகிறது. கொய்யாவில் மெல்லிய துண்டுகளாக உரிந்து, உள்ளே வழவழப்பான புதுப்பட்டை வெளிப்படும். தைல மரத்தில் பல வகைகள் நீண்ட நாடாக்களாக உரியும். பிர்ச் மரத்தில் காகிதமாகச் சுருண்டு உரியும், அதில் குறுக்குக் கோடுகளாகத் தெரிபவை காற்று புகும் துளைகள். வெள்வேலம் பட்டையின் வெளிறிய நிறத்தால் தொலைவிலேயே தெரியும். வேங்கைப் பட்டையில் காயம் இருந்தால் இரத்தச் சிவப்பில் பிசின் கசிந்து உறைந்திருக்கும்.

பட்டையை மட்டும் வைத்தே ஒரே பேரினத்து மரங்களைப் பிரித்துவிட முடியும் என்பதற்கு மருதும் கருமருதும் நல்ல சான்று. மருதின் பட்டை வெளிறி, இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து, வழவழப்பாக, பெரிய மெல்லிய தகடுகளாக உரியும். கருமருதின் பட்டை கருத்துத் தடித்து, ஆழமான வெடிப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து முதலையின் முதுகுத் தோலாகவே தோன்றும். இரண்டிலும் காய்க்கு ஐந்து இறகுகள். அந்த இறகை நெருங்கிப் பாருங்கள்: மருதின் இறகில் கோடுகள் மேல்நோக்கி வளைந்து செல்லும், கருமருதின் இறகில் நடுவிலிருந்து விளிம்பு வரை நேராகக் குறுக்கே ஓடும். காய்ந்து உதிர்ந்த ஒரே காயை வைத்து, தலைக்கு மேல் நிற்கும் மரம் எது என்று சொல்லிவிடலாம்.

பட்டையைப் பார்ப்பதற்கு வெட்டக் கூடாது. பழைய காட்டியல் முறையில் பட்டையைச் சீவி உள்நிறம் பார்ப்பார்கள். நாம் ஆர்வத்துக்காகப் பார்ப்பவர்கள், மரத்தைக் காயப்படுத்தும் உரிமை நமக்கில்லை. தானாகவே உரிந்த துண்டும், பழைய காயத்தில் கசிந்த பிசினும் போதுமான அளவு கிடைக்கும். வயதான மரத்தின் அடிப்பகுதியையும், கைக்கெட்டும் இளங்கிளையின் பட்டையையும் இரண்டையும் பார்ப்பது நல்லது. நாவலில் அடிமரம் சொரசொரப்பாக இருந்தாலும் மேலே வழவழப்பாகவே இருக்கும். வெள்ளைத் திட்டுகளாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்கள்) பட்டையின் நிறம் என்று எண்ணிவிட வேண்டாம். புதர்ச்செடிகளில் பட்டை அதிகம் உதவுவதில்லை. அங்கே தண்டு உருண்டிருக்கிறதா சதுரமாக இருக்கிறதா என்பதையும் மணத்தையும் தொட்டால் ஒட்டும் தன்மையையும் நம்பலாம். உன்னிச்செடியின் நான்கு பட்டைத் தண்டில் சிறு முட்கள் தட்டுப்படும். விராலியின் இளந்துளிர் பிசுபிசுக்கும், அதன் காய் காகிதமெல்லிய இறகுகளோடு இருக்கும்.

காய் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்று அழைப்பது பரவலாக இருக்கிறது. நெட்டிலிங்கத்தில் தனியிலை, அலைவிளிம்பு. ஒரே பூவிலிருந்து பல சிறு முட்டைவடிவக் காய்கள் கொத்தாகத் தோன்றும். அசோகில் கூட்டிலை, காய் தட்டையான நெற்று. இரண்டுக்கும் குடும்ப உறவே இல்லை. கருவேலத்தின் நெற்று விதைக்கு விதை ஆழமாக இடுங்கி, சாம்பல் நிறப் பூமயிரோடு இருக்கும். சீமைக்கருவேலத்தின் நெற்று அப்படி இடுங்காமல், சதைப்பற்றோடு மஞ்சளாக இருக்கும். கொடுக்காப்புளியின் நெற்று சுருண்டிருக்கும். புங்கத்தின் நெற்றில் பெரும்பாலும் ஒரே விதை. வேங்கையின் நெற்று வட்டத் தகடாக, நடுவில் விதையும் சுற்றிலும் இறகுமாக இருக்கும். வெட்பாலையில் இரண்டு நீண்ட காய்கள் நுனியில் ஒட்டியே தொங்கும். அதனோடு குழப்பிக்கொள்ளப்படும் குடசப்பாலையில் அவை நுனியில் பிரிந்திருக்கும். மருதின் பேரினத்திலேயே தான்றிக்காய் உருண்டு பூமயிரோடும், கடுக்காய் உலர்ந்தபின் ஐந்து விளிம்புகளோடும், நாட்டுப் பாதாம் தட்டையாகவும் இருப்பதால், இறகில்லாத காய்களும் அந்தப் பேரினத்தில் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அத்தி, ஆல், அரசு ஆகியவற்றின் பழத்தைப் பிளந்தால் உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள் இருப்பதைக் காணலாம். அத்திப்பழம் தண்டிலேயே கொத்தாகக் காய்ப்பதால் அதை அடையாளம் காண இலைகூடத் தேவையில்லை.

அடையாளம் உறுதியாகும் வரை எந்தக் காயையும் சுவைத்துப் பார்க்காதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். எட்டிப் பழம் உருண்டு திரண்டு ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் கவரும், உள்ளே தட்டையான வட்ட விதைகளில் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த தேற்றானின் இலையும் எதிரெதிராக, அடியிலிருந்து எழும் நரம்புகளோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அதன் பழம் சிறியது, முற்றினால் கறுப்பாகும். உதளை என்றும் காட்டரளி என்றும் சொல்லப்படும் மரத்தின் பச்சைக்காய் சிறிய மாங்காயை ஒத்திருக்கும், அதன் விதை இதயத்தைத் தாக்கும். இலையை ஒடித்தால் பால் வடிவதும், மாவிலையின் மணம் இல்லாததும் அதைப் பிரித்துக் காட்டும். பால் இருக்கிறதா என்று சோதிக்கும்போது ஓர் இலைக்காம்பை மட்டும் ஒடியுங்கள், விரலைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். சதுப்பு நிலத்துத் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். சேராங்கொட்டையில் ஆரஞ்சு நிறச் சதைப்பகுதியின் நுனியில் கறுத்த கொட்டை ஒட்டியிருக்கும். அந்தக் கொட்டையின் எண்ணெய் தோலைக் கொப்புளிக்க வைக்கும் என்பதால், அந்த மரத்தைக் கண்டால் கையால் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.